கீழே ஊற்ற மனம் வராத தண்ணீர்

முட்டைக்கோஸ் வெந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆவி அடித்து மூக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. கண் தெரியாமல் நான் தட்டுத் தடுமாறி நின்ற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு அலறல்.

"ஐயையோ மாமா! சத்தெல்லாம் போவுதே! யாராச்சும் அந்தத் தண்ணிய கீழ ஊத்துவாங்களா?"

என் கொழுந்தியாள் தமிழரசி. மீன்சுருட்டியிலிருந்து பஸ் மாறி அரியலூர் வந்து இறங்கியவள், கையிலிருந்த பையைக்கூட இன்னும் வைக்கவில்லை. உடம்பு சரியில்லாத அக்காவைப் பார்க்க வந்தவள் அக்காவை விட்டுவிட்டு அடுப்படி வாசலில் நின்று என்னை முறைத்தாள்.

"ஊத்தித்தான் ஆவணும். அந்தச் சத்துதான் உங்க அக்காவுக்கு ஆவாது" என்றேன்.

அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆம்பிளைக்கு என்ன தெரியும் என்று வாய்விட்டுச் சொல்லாததுதான் குறை.

## இந்த வாரம் பஸ் ஓடாது

ஜெயங்கொண்டம் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்த காலத்துக் கதைகளையே இதுவரை எழுதி வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வீட்டில் ராத்திரிச் சாப்பாடு செய்கிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதைத்தான் செய்கிறேன்.

கண்டக்டர் உத்தியோகத்தில் ராத்திரிச் சாப்பாடு என்பது எந்த ஊரில் பஸ் நிற்கிறதோ அந்த ஊர்க் கடையில் சாப்பிடுவது. ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் புரோட்டாவின் மேல் சால்னாவை ஊற்றி நின்றுகொண்டே விழுங்கிவிட்டு விசிலை வாயில் வைத்தவன் நான். சமையல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியத்தையும் என் மனைவி மல்லிகா வைக்கவில்லை.

மல்லிகாவின் பிறந்த வீட்டில் முந்திரித் தோப்பு இருந்தது. அதனால் அவள் சமையலில் முந்திரி விழாத நாளே கிடையாது. சீசனில் பச்சை முந்திரியை உரித்துப் போட்டு ஒரு குழம்பு வைப்பாள். டியூட்டி முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே அந்த வாசனை வந்து கூப்பிடும். அன்றைக்கு மட்டும் நான் புரோட்டா கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன்.

அப்படிச் சமைத்தவளுக்குத்தான் சிறுநீரகம் கெட்டுப்போனது.

## வேண்டாம், வேண்டாம், வேண்டாம்

முதலில் கால் வீங்கியது. நிறைய நடந்ததால் வந்தது என்றாள். பிறகு முகம் உப்பியது. தூக்கம் கெட்டதால் என்றாள். பெரம்பலூருக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தபோது, இனிமேல் மெஷினில் படுத்துத்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று திரும்பி வந்த பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "என்னண்ணே, டல்லா இருக்கீங்க?" என்றான். தலைவலி என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் சாப்பாடு விஷயம் சொல்லித்தர ஒரு டயட்டீஷியன் இருந்தார். எனக்கு மகள் வயது இருக்கும். பொறுமையாகச் சொன்னார். கீரை வேண்டாம். தக்காளி வேண்டாம். வாழைப்பழம், இளநீர், உருளைக்கிழங்கு வேண்டாம். முந்திரி வேண்டாம். முந்திரி என்றதும் மல்லிகா நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொட்டாசியம்னு ஒண்ணு இருக்குங்க. நமக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது. இவங்களுக்கு அது வெளியில போவாம ரத்தத்துல தங்கிடும். ஏறிப்போச்சுன்னா நெஞ்சையே நிறுத்திப்புடும். அதனால காய பொடியா நறுக்கி, நெறைய தண்ணி வச்சு வேக வச்சு, அந்தத் தண்ணிய கொட்டிடணும். உப்பும் கொறைக்கணும். குடிக்கிற தண்ணியும் அளவுதான்."

"அப்ப என்னதாங்க சாப்புடறது?" என்று கேட்டேன். கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

"சாப்புடறதுக்கு எவ்வளவோ இருக்குங்க. சோறு, சுரைக்கா, பொடலங்கா, பீர்க்கங்கா, முட்டையில வெள்ளைக்கரு, ஒரு துண்டு மீன். தட்டுல எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கணும். முக்கியமா அவங்க சாப்புடணும். சாப்புடாம ஒடம்பு எளைச்சுப்போனா மெஷின தாங்கற தெம்பு இருக்காது. அப்பறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குள் தங்கியது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஆரோக்கியக் குறிப்புகள் எல்லாம் அரிசியைத் திட்டுகின்றன. கம்பு சாப்பிடு, வரகு சாப்பிடு, கீரையைத் தினமும் சேர் என்கின்றன. அந்த நேரத்தில்தான் என் மனைவிக்கு வெள்ளைச் சோறு நல்லது என்று சொன்னார்கள். ஒருவருக்கு மருந்தாக இருப்பது இன்னொருவருக்கு ஆகாது. ஆகவே நான் எழுதுவதைப் படித்துவிட்டு யாரும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

## நான் சமைத்த லட்சணம்

மெஷினில் படுத்து எழுந்து வருகிற நாளில் மல்லிகாவுக்கு நிற்கவே தெம்பு இருக்காது. தெம்பு இருக்கிற நாளிலும் அவளை அடுப்படியில் விடப் பயமாக இருந்தது. பழகிய கை தானாக உப்பு ஜாடிக்குப் போகும். அதனால் நான் கரண்டியைப் பிடித்தேன்.

சொன்னதைச் சொன்னபடி செய்தேன். காயைக் கொதிக்க வைத்தேன், கொட்டினேன், தட்டில் வைத்தேன். சட்டப்படி எல்லாம் சரி. வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. ஈரத் துணியை மென்ற மாதிரி. மல்லிகா நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதுங்க" என்பாள்.

"என்ன போதும்? இன்னும் பாதி அப்படியே இருக்கு."

"பசிக்கலங்க."

தினமும் இதே பேச்சுதான். சில நாள் அவள் சோற்றைத் தட்டின் ஓரமாகத் தள்ளித் தள்ளி, சாப்பிட்டது போலக் காட்டுவதையும் பார்த்தேன். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் தூங்குவது போல நடிப்பவர்களை எத்தனையோ பேரைப் பிடித்தவன் நான். இவளை என்ன சொல்லிப் பிடிப்பது? அவள் கை மெலிந்து, வளையல் முழங்கை வரை ஏறியது. அரட்டிப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன். அரட்டினால் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுவாள், அழுதுகொண்டே.

அந்தச் சமயத்தில்தான் தமிழரசி வந்து நின்று சத்தெல்லாம் போகிறது என்று கத்தினாள்.

## மீன்சுருட்டிக் கைமணம்

"நீங்க போயி டிவி பாருங்க மாமா. கொஞ்ச நாளைக்கி நான் பாத்துக்கறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். எது ஆகும், எது ஆகாது, உப்பு எவ்வளவு, காயை எப்படி வேக வைப்பது. "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்றாள். முதல் இரண்டு நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். காயை ஒட்ட வடிகட்டினாள். உப்பை நகக்கண் அளவு போட்டாள். தக்காளியை வெளியே வைத்தாள். எனக்கு நிம்மதி வந்துவிட்டது.

சாயங்காலமானால் வீட்டில் வாசனை எழுந்தது. பெரம்பலூரில் வாங்கி வந்த சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்குவாள். மிளகும் சீரகமும் வறுபடும். பூண்டைத் தோலோடு நசுக்கிப் போட்டால் அந்தக் காரம் கூடம் வரை வரும். புடலங்காய்ப் பொரியல், வெள்ளைக்கருவில் ஒரு பொடிமாஸ், சோறு, பிறகு ஒரு சின்ன டம்ளர் ரசம்.

அந்த ரசத்தைக் குடித்த மல்லிகா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் திறக்கவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்ன மல்லிகா?"

"ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்கு."

மறுநாள் யாரும் கூப்பிடாமலே சாப்பிட வந்து உட்கார்ந்தாள். அடுத்தடுத்த நாட்களில் ரசத்தைச் சோற்றிலும் ஊற்றிப் பிசைந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அக்காவும் தங்கையும் பழைய கதைகளைப் பேசிச் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை மாதமாயிற்று! நான் தமிழரசிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

## தண்ணீரின் கதை

கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் என்று அந்தப் பக்கத்து வீடுகளில் காய் வெந்த தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். என் மாமியார் வீட்டில் கொள்ளு வேக வைத்தாலும் சரி, கீரை வேக வைத்தாலும் சரி, அந்தத் தண்ணீர் நேராக ரசத்துக்குத்தான் போகும். மிஞ்சினால் மாட்டுக்கு. அதைத் தரையில் ஊற்றுவது சோற்றை அள்ளிக் குப்பையில் போடுவதற்குச் சமம். கல்யாணமான புதிதில் மல்லிகா எனக்கு அப்படி ரசம் வைத்துக் கொடுத்தபோது, கெட்டிக்காரி என்று நானும் பாராட்டியிருக்கிறேன்.

நல்ல பழக்கம்தான். மற்ற எல்லோருக்கும் நல்லது. எங்கள் வீட்டிலும் நோய் வருகிறவரை நல்லதாகத்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் மல்லிகாவால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. "காலு பஞ்சு மாதிரி இருக்குங்க" என்றாள். நெஞ்சு படபடவென்று அடித்துவிட்டு நிற்பது போல இருக்கிறது என்றாள். வாடகைக் காரைப் பிடித்துப் பெரம்பலூருக்குப் பறந்தோம். வழியெல்லாம் சிமெண்டு லாரிகள். ஒவ்வொரு லாரியையும் நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். பின்சீட்டில் தமிழரசியின் மடியில் அவள் தலை கிடந்தது.

ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். "பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. உடனே மெஷின்ல போடறோம். என்ன சாப்பிட்டாங்க?"

"எல்லாம் நீங்க சொன்னபடிதான் சார். காய தண்ணி வடிச்சுட்டுத்தான் குடுக்கறோம்" என்றேன். ரோஷமாகவே சொன்னேன்.

டாக்டர் உள்ளே போனதும் தமிழரசி என் பக்கம் வந்தாள்.

"மாமா... அந்தத் தண்ணிலதான் ரசம் வச்சேன்."

அவள் வடிகட்டியதைத்தான் நின்று பார்த்தேன்; வடித்த தண்ணீர் எங்கே போனது என்று பார்க்கவில்லை.

"கொட்ட மனசு வரல மாமா. அக்கா எளைச்சுப் போயிருக்காளே, அதுலதான சத்து இருக்குன்னு எடுத்து வச்சுட்டேன். தண்ணி அதிகமா குடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அதான் சுண்டக் காய்ச்சி, கொஞ்சமாத்தான் ரசமா வச்சுக் குடுத்தேன்."

சுண்டக் காய்ச்சி. எந்த விஷத்தைக் கொட்டு என்றார்களோ அதையே சுண்டக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள். அதுவும் பாசத்தோடு.

"நீ ஊருக்குக் கெளம்பு. என் கண்ணுல நிக்காத" என்றேன். அவள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் கோபப்பட்டது தப்பு என்று இந்த இடத்தில் எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே மல்லிகாவின் நெஞ்சு நிற்குமா ஓடுமா என்று தெரியாமல் நின்றவனிடம் வேறு என்ன வரும்?

## அவளுக்குத் தெரியும்

மெஷின் அவளை மீட்டுக் கொடுத்தது. மறுநாள் கண் திறந்து நன்றாகப் பேசினாள். முதல் கேள்வியே, "தமிழு எங்க?"

"ஊருக்கு அனுப்பிட்டேன். என்ன வேலை பண்ணிருக்கா தெரியுமா உனக்கு?"

"அவள ஏன் வையிறீங்க? எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மொத நாளே தெரியும். கோசுத் தண்ணி வாடை எனக்குத் தெரியாதா? எத்தினி வருசமா அந்த ரசத்த நான் வச்சிருக்கேன்."

"தெரிஞ்சுமா குடிச்ச?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சுங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள். "நாக்கு செத்துப்போச்சுங்க. தெனமும் சாப்பாட்டப் பாத்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம்தான். தமிழு வச்சுக் குடுத்தப்ப, சீக்காளின்னே மறந்துட்டேன். போனா போவுதுன்னுதான் குடிச்சேன்."

எது போனால் போகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. இத்தனை நாளும் உப்பையும் தண்ணீரையும் காவல் காத்தேன். அவளுக்கு இருந்தாலும் போனாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டதை நான் கவனிக்கவே இல்லை. சாயங்காலம் ஆனால் நல்லதாக ஒரு வாய் கிடைக்கும் என்கிற ஆசைகூட இல்லாமல் ஒரு மனுஷி எதற்காக அந்த மெஷினில் போய்ப் படுப்பாள்?

## கழனித் தண்ணீர்

வீட்டுக்கு வந்ததும் மல்லிகாவே போன் போட்டுத் தங்கையை வரவழைத்தாள். வந்தவள் கூடத்தோடு நின்றுகொண்டாள். "அடுப்படிக்கு வர மாட்டேன்க்கா. என் கையால இனிமே ஒண்ணும் வேணாம்" என்று ஒரே அழுகை. கடைசியில், "எனக்கு வெங்காயம் பொன்னிறமா வதக்கத் தெரியல. கருக்கிப்புடறேன். அதயாவது செஞ்சு குடு" என்றேன். என்னால் முடிந்த சமாதானம் அவ்வளவுதான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து வந்தாள்.

டயட்டீஷியனைப் போய்ப் பார்த்து, ரசம் என்று ஒன்று வேண்டும், அது இல்லாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது என்று வாதாடினேன். அவர் சிரித்துவிட்டு வழி சொன்னார். புளி வேண்டாம், தக்காளி வேண்டாம். நல்ல தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம். இறக்கி வைத்த பிறகு எலுமிச்சை சில சொட்டு. அதுவும் அன்றைய தண்ணீர்க் கணக்குக்குள்.

மல்லிகா அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கோசுத் தண்ணீரைத் தமிழரசி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஊற்றினாள். இன்றைக்கும் அப்படித்தான் ஊற்றுகிறாள்.

முதல் நாள் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு மல்லிகா, "கழனித் தண்ணி" என்றாள். மறுநாள் சீரகம் பச்சை வாடை அடிக்கிறது என்றாள். அதற்கடுத்த நாள் பூண்டை எண்ணெயில் விட்டபிறகு வேறு எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். இட்லியை விண்டு பார்த்து, மாவு இன்னும் புளிக்க வேண்டும், புளித்தால் உப்பு குறைவு தெரியாது என்றாள். சுரைக்காய்க்குக் கடுகு வெடிக்கும் முன்னே காயைப் போட்டுவிட்டேன் என்று சண்டை. தாளிப்பு, வறுவல், கறிவேப்பிலையைக் கிள்ளாமல் உருவிப் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்ப்பு. பஸ்ஸில் ஒரு காலத்தில் நான் எல்லோரையும் அரட்டினேன். வீட்டில் எனக்கு அந்த வேலை போய்விட்டது.

திட்டிக்கொண்டே சாப்பிட்டாள். ஆனாலும் தட்டில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "போதுங்க" என்பதும் நிற்கவில்லை. நான் அரட்டாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

ஒரு சாயங்காலம். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நாங்கள் மூன்று பேரும் அதே சோறு, அதே பீர்க்கங்காய், அதே ரசம் என்று உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு மிளகைக் கொரகொரவென்று இடித்துப் போட்டிருந்தேன். வெங்காயம் தமிழரசி வதக்கியது. மல்லிகா குறை சொல்லவில்லை. தட்டைப் பார்த்தேன், காலி. டம்ளரைப் பார்த்தேன், அதுவும் காலி.

"இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க" என்று டம்ளரை நீட்டினாள்.

அந்தச் சொல்லுக்காகத்தான் நான் இத்தனை மாதம் அடுப்படியில் வெந்தேன். கரண்டியை எடுத்தும் விட்டேன். அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து மாத்திரைக்கும் காப்பிக்கும் போக, அன்றைய தண்ணீர் அளவு அந்த டம்ளரோடு முடிந்துவிட்டது.

"இன்னைக்கு அளவு தீந்துபோச்சு மல்லிகா" என்றேன். "சோறு போடறேன். பீர்க்கங்கா போடறேன். இது மட்டும் கேக்காத."

தமிழரசி தலையைக் குனிந்துகொண்டாள். மல்லிகா நீட்டிய கையை உடனே எடுக்கவில்லை. என்னையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள், இதோடு மறுபடியும் பழைய கதைதான் என்று நினைத்துவிட்டேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப நாளைக்கும் இதையே வைங்க" என்றாள்.

நாளைக்கு என்று அவள் எதையும் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. வைக்கிறேன் என்று சொன்னேன்.